முட்டை வராத வியாழக்கிழமைகள்: கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலையின் காலை உணவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

துறைமுகத்துக்கும் களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் நெருக்கமாகக் கிடக்கும், 'தோட்டம்' என்று இங்கே அழைக்கப்படும் குடியிருப்புகளின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்மொழிமூலப் பாடசாலை அது. தகப்பன்மார் பெரும்பாலும் நாட்டாமை (மூட்டை சுமக்கும்) வேலை, ஓட்டோ, புறக்கோட்டைக் கடைகள் என்று போகிறவர்கள். தாய்மாரில் பலர் விடியுமுன்னே வீட்டுவேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நான் அங்கே ஆரம்பப் பிரிவு ஆசிரியை. காலை உணவுத் திட்டத்துக்குப் பொறுப்பாசிரியையும் நான்தான்.

2022 ஐ மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஜூலையில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,910 ரூபாவுக்கு விற்றது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு, "நேற்று ராத்திரி பாண்" என்ற பதிலைக் கேட்ட ஆசிரியர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அதன் பிறகு காலை உணவைச் சலுகையாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

2024 மார்ச்சில் அரசு இந்தத் திட்டத்தை ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரித்தது. ஒரு வேளை உணவுக்கான தொகை 85 ரூபாவிலிருந்து 110 ரூபாவானது. எங்கள் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை 210 பிள்ளைகள். நாளாந்தம் ஏறத்தாழ 190 பேர் வருவார்கள், அவர்களுக்குத்தான் கணக்கு. சமையலை ஏற்றிருந்தவர் எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய். அவருக்கு இரண்டு உதவியாளர்கள், அவர்களும் தாய்மாரே. பிள்ளைகள் அவரைச் "சமையலக்கா" என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை

2024 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை. 7.45 க்குச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல் கொடுத்தோம். ஒன்பதரை மணிபோல் தரம் 2 இல் ஒரு பிள்ளை சத்தியெடுத்தது. பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பேர். இருவரைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். மாலைக்குள் எல்லோரும் தேறி வீடு திரும்பினார்கள்.

மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவர் முதலில் கேட்டது, "நேற்றைய சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று. இல்லை. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆகவே காரணம் இதுதான் என்று ஆய்வுகூடத்தில் நிறுவ வழியில்லாமல் போனது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் சத்தி, காய்ச்சல் இல்லை, அரைநாளில் சுகம் என்ற போக்கை வைத்து, வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவாக இருக்கலாம் என்றார். அதன் வித்திகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

அன்று மாலை பெற்றோர் கூட்டம். சமையலக்காவை நிறுத்த வேண்டும் என்று பலர் எழுந்து பேசினார்கள். அவர் கதவோரம் நின்றார், வாய் திறக்கவில்லை. அதிபரும் நானும் இரண்டு கிழமை அவகாசம் கேட்டோம். அந்த இரண்டு கிழமைக்கும் சோறு வேண்டாம், அவித்த கடலை, பயறு, வாழைப்பழம் கொடுப்பது என்று தீர்மானித்தோம். ஆளை மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் அடுத்த ஆளும் அதே வாளியில்தான் சோறு கொண்டுவருவார் என்பதே எங்கள் யோசனை. இன்றும் அதைச் சரியான முடிவாகவே நினைக்கிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கண்டது

பரிசோதகரின் ஆலோசனைப்படி கம்பி முனையுள்ள உணவு வெப்பமானி ஒன்று வாங்கினோம். சோதனைக்காக வழமைபோலவே ஒரு நாள் சமைக்கச் சொல்லி (அந்தச் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை) நான் சமையலக்காவின் வீட்டில் இருந்தேன்.

பத்தடிக்குப் பத்தடி இடம். வீட்டுக்கு வைத்திருக்கும் இரட்டை அடுப்பு. ஐந்து கிலோ அரிசி வேகும் பானைதான் அவரிடம் இருந்தவற்றில் பெரியது. 190 பேருக்குப் பதினைந்து கிலோ வேண்டும், ஆகவே மூன்று தரம் வடிக்கிறார். இரண்டு மணி தாண்டி அடுப்பை மூட்டினால் முதல் வாளிச் சோறு மூன்று மணிக்குத் தயார், மூன்றாவது ஐந்தரைக்கு. இடையில் மற்ற அடுப்பில் பருப்பு, கறி. ஏழு மணிக்கு ஓட்டோ. பரிமாறும் நேரமான 7.45 க்கு வாளிகளின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தோம். முதல் வாளி 49 பாகை, இரண்டாவது 57, மூன்றாவது 66.

சமைத்த உணவு பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து அடிப்படைகளில் ஒன்று. அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. முதல் வாளியிலிருந்து வழமையாகச் சாப்பிட்டது தரம் 1, 2, 3. சத்தியெடுத்த ஒன்பது பேரும் அந்த வகுப்புகள்தான். அன்றைய சோறு கையில் இல்லாததால் இதை நிரூபணம் என்று எழுத மாட்டேன். ஆனால் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சமையலக்கா துப்புரவில்லாதவர் என்று கூட்டத்தில் சொன்னார்கள். நான் கண்டது, அடுப்பை மூட்டுமுன்னே குளித்துத் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சாமானையும் இரண்டு தரம் கழுவும் ஒரு பெண்ணை. அவரிடம் குறைந்திருந்தது பானையின் கொள்ளளவு.

கடன் கொப்பி

அதே விடியலில்தான் இரண்டாவது விஷயமும் வெளியே வந்தது. எங்கள் பட்டியலில் செவ்வாயும் வியாழனும் முட்டை நாள். ஆனால் ஜூன் முடிய என் பதிவேட்டில் இருந்த 14 முட்டை நாட்களில் ஆறில்தான் முட்டை வந்திருந்தது. மற்ற நாட்களில் சோயா மீட், அல்லது பருப்பை மட்டும் கொஞ்சம் கூட்டி. பருப்பு மட்டும் வந்த அந்தச் செவ்வாயும் முட்டை நாள்தான். மாதக் கடைசி நெருங்க நெருங்கக் குறையும். நான் இதை அவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன், கொஞ்சம் கடுமையாகவும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "நாளைக்குப் போடுறன் டீச்சர்" என்பார்.

அன்று தானாகவே அலுமாரித் தட்டிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். கடைக்காரரின் கடன் கொப்பி.

"டீச்சர், மே மாசக் காசு இன்னும் வரேல்ல. என்ர சங்கிலி அடகில. கடைக்காரர் முட்டை மட்டும் கடனுக்குத் தர மாட்டாராம். நான் என்ன செய்ய?"

"அக்கா, இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"சொன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவீங்க எண்டு பயம்."

ஒரு மாதத்துக் கணக்கை அடுத்த மாத ஆரம்பத்தில் ஒப்படைப்போம். காசு அந்த மாதக் கடைசியில், சிலவேளை அதற்கும் பிந்தி வரும். அப்படியானால் மாதத்தின் முதல் நாள் வாங்கிய அரிசிக்கான காசு அவர் கைக்கு வர இரண்டு மாதம். நாளொன்றுக்கு 20,900 ரூபா, மாதம் இருபது நாள் என்று வைத்தால், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையை அவர் வெளியில் வைத்துக்கொண்டு சமைக்கிறார். அவருடைய கூலியையும் உதவியாளர் கூலியையும் கழித்தாலும் ஆறு இலட்சத்துக்குக் குறையாது. அவருடைய வீட்டில் ஆறு இலட்சம் எங்கிருந்து வரும்?

கடனுக்கு விலையும் வேறு. கொப்பியைப் புறக்கோட்டை மொத்தக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரிசி கிலோவுக்கு 15 ரூபா கூட, பருப்புக்கு 25 ரூபா கூட. எப்போதாவது முட்டை கொடுத்தால் ஒன்றுக்கு 3 ரூபா கூட. முட்டை இல்லாத நாளில் 400 ரூபா, முட்டை போடும் நாளில் 900 ரூபாவுக்கு மேல் இப்படிப் போகிறது. பட்டியல்படி எட்டு முட்டை நாளும் போட்டால் மாதம் 12,000 ஐத் தாண்டும். முட்டை ஒன்று 50 ரூபாவைத் தொட்ட காலத்தில் 190 பிள்ளைகளுக்கு ஒரு நாள் முட்டைச் செலவு 9,500 ரூபா. பிள்ளைகளின் முட்டை கடன் விலைக்குள் கரைந்துகொண்டிருந்தது. அடகு வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை.

உதவிப் பணமும் அதன்மேல் நடந்த விவாதமும்

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆறு இலட்சம் ரூபா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பாடசாலைக்குள் ஒரு சமையலறை என்பது திட்டம். அந்த விண்ணப்பத்தை எழுதியவள் நான். வரைபடம், ஓட்டுக்கூரை, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் அதில் இருந்தன. சமைக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன். இந்த முழு விஷயத்திலும் என் பெரிய தவறு அதுதான்.

இப்படி எழுதத் தூண்டுவதில் உதவி வரும் வழமைக்கும் பங்குண்டு. உலக உணவுத் திட்டமும், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மெக்கவர்ன்–டோல் திட்டமும் இலங்கைப் பாடசாலை உணவுக்கு உதவியிருக்கின்றன. அவற்றில் அரிசி, பருப்பு, டின்மீன் என்று பொருள் வரும், பயிற்சியும் உண்டு. தனியார் உதவி என்றால் கட்டடம், தண்ணீர்த் தாங்கி, தட்டு. எண்ணிப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். சமைப்பவரின் கையில் புரளும் முதற்பணம் எந்தப் படத்திலும் விழாது. நான் பார்த்த விண்ணப்பப் படிவங்கள் எதிலும் அதற்கு ஒரு வரிகூட இருக்கவில்லை.

ஜூலையில் பழைய மாணவர்களோடு இணையவழிக் கூட்டம் நடந்தது. கடன் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் (கடைப் பெயரை மறைத்து) வெப்பமானிப் படங்களையும் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். ஒருவர் நேரடியாகக் கேட்டார்: "காசைக் கடனாகக் குடுத்தா அது திரும்பி வருமெண்டு என்ன நிச்சயம்?" நியாயமான கேள்வி. நிச்சயம் இல்லை என்றே சொன்னேன். சமையலறை கட்டினாலும் அதே சிறிய பானையும் அதே கடன் கொப்பியும்தான் உள்ளே போகும் என்றும் சொன்னேன். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தன் தாயாரும் கொச்சிக்கடையில் அப்பம் சுட்டுக் கடன் கொப்பியோடு வாழ்ந்தவர் என்று சொன்னது எங்களுக்குத் துணையாக இருந்தது என நினைக்கிறேன்.

பங்கிட்டது இப்படி. பெரிய பானைகளான கிடாரங்கள் இரண்டு, பெரிய காஸ் அடுப்பு, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரங்கள், அவற்றைச் சூடு போகாமல் உள்ளே வைக்கப் புதிய ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டிகள் எல்லாவற்றுக்கும் 140,000 ரூபா. பயிற்சிக்கு 40,000. கை கழுவும் குழாய் வரிசைக்கு 120,000. மிச்சம் 300,000 சுழல்நிதி. அந்தத் தொகை ஏறத்தாழ பதினான்கு நாட் சமையலுக்குக் காணும். முழு இடைவெளியையும் அடைக்காது, ஆனால் உலருணவையும் முட்டையையும் காசுக்கு வாங்கப் போதும். பணத்தைக் கையில் கொடுக்காமல், சமையலக்காவும் பாடசாலையின் உணவுத் திட்டக் குழு உறுப்பினர் ஒருவரும் மாதம் இருமுறை புறக்கோட்டைக்குப் போய் மொத்தமாக வாங்குவது, அரசுப் பணம் வந்ததும் அவர் திரும்ப வைப்பது என்று ஒப்பந்தம் எழுதினோம். அது தமிழில், ஒரே பக்கத்தில்.

பயிற்சி

முதல் பயிற்சியை அரைநாள் வகுப்பாக நடத்தினோம். பரிசோதகர் அக்கறையோடு பேசினார். ஆனால் கொடுத்த தாள்கள் சிங்களத்தில். மூன்று பெண்களுக்கும் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனார்கள். மறு கிழமை பார்த்தபோது பச்சை முட்டை வைத்த தட்டில்தான் வெட்டிய வெள்ளரிக்காயும் இருந்தது.

இரண்டாம் முறை ஒரு சனிக்கிழமை அடுப்படியிலேயே வைத்தோம். உண்மையாகவே பதினைந்து கிலோ சமைத்தோம். வெப்பமானியை அவர்கள் கையில் கொடுத்தோம். ஒரு பாத்திரத்தைத் திறந்தபடியும் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்து அரைமணிக்கொருமுறை அவர்களே அளந்து சுவரில் எழுதினார்கள். திறந்த பாத்திரத்தின் எண் இறங்குவதைக் கண்ட உதவியாளர்களில் இளையவர், "அப்ப நாங்க அண்டைக்குக் குடுத்தது இதுதானா?" என்று கேட்டுவிட்டு அழுதார். எந்தத் தாளும் அந்த வேலையைச் செய்திருக்காது. அன்றைக்கு மூவருக்கும் நாட்கூலி கொடுத்தோம். சனிக்கிழமை வேறு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். கூலியில்லாத பயிற்சி அவர்களுக்கு ஒருநாள் வருமானத்தை இழப்பது.

நடைமுறைகள் நாலைந்தைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். முக்கியமானது, தினமும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து, திகதியிட்ட டப்பாவில் பாடசாலைக் குளிர்சாதனப் பெட்டியில் மறுநாள்வரை வைப்பது. இலைக்கறிமேல் கடைசியில் தேசிக்காய் பிழிவதையும் சேர்த்தோம். கீரையில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். போத்தலில் தேநீர் அனுப்பும் வழக்கத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னோம், பாதிப்பேர் கேட்டார்கள்.

எதிர்பாராதவை

பெரிய அடுப்பு வந்ததும் பக்கத்து வீட்டார் மறுத்தார்கள். 2021 இன் கடைசியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்ததை யாரும் மறக்கவில்லை. ஒட்டியொட்டி நிற்கும் பலகை வீடுகளுக்கு நடுவில் அந்த அடுப்பை வைப்பது உண்மையில் ஆபத்தும்தான். இதை நாங்கள் வாங்குவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். அருகிலிருந்த கோயிலில் மடைப்பள்ளியைத் தர முன்வந்தார்கள், ஆனால் அங்கே முட்டையும் நெத்தலியும் சமைக்க முடியாது. கடைசியில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்புறச் சமையற்கட்டு கிடைத்தது. திருநாட்களில் அது கிடைக்காது. அந்த நாட்களுக்குக் கடலையும் பழமும் என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று என்னை அதிகம் உலுக்கியது. முட்டை ஒழுங்காக வரத் தொடங்கியதும் சில பிள்ளைகள் அதைச் சாப்பிடாமல் பெட்டிக்குள் வைத்தார்கள். தரம் 4 மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "தம்பிக்கு" என்றாள். பாதுகாப்பை நினைத்தால் வெய்யிலில் மதியம்வரை கிடக்கும் முட்டையை வீட்டுக்கு விடக்கூடாது. குழு தடை போடச் சொன்னது. நான் அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் விட்டேன். சமையலக்கா ஒரு வழி சொன்னார். கோதுடனேயே அவித்து வீட்டுக்கென்று பத்து முட்டை தனியாகத் தருவதாகவும், அதை உரிக்காமல் பாடசாலை விடும்போது கொடுக்கும்படியும். அந்தப் பத்துக்கும் அரசு கணக்கில் இடமில்லை. மொத்த விலையில் வாங்கியதில் மிஞ்சிய காசிலிருந்து போட்டோம்.

விளைவு

மூன்றாம் தவணை தொடங்கியபின் சமையல் நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தது. 7.45 க்கு எல்லாப் பாத்திரங்களும் 68 பாகைக்கும் 72 பாகைக்கும் இடையில் நின்றன. இரண்டு நாள் ஓட்டோ பிந்தியபோது 61 க்கு இறங்கியது. நவம்பர் வரையான 22 முட்டை நாட்களில் 20 இல் முட்டை. சத்தி, வயிற்றோட்டம் என்று உணவோடு தொடர்புபட்ட எதுவும் பதிவாகவில்லை. சமையலக்கா ஒக்டோபரில் சங்கிலியை மீட்டார்.

சுழல்நிதி சுகமாக ஓடவில்லை. நவம்பர்ப் பணம் விடுமுறைக்குள் மாட்டிக்கொண்டது. ஜனவரியில் பாடசாலை திறந்தபோது நிதியில் 40,000 ரூபாகூட இல்லை. ஒரு கிழமை பழைய கடைக்கே கடனுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மாதமே சமையலக்காவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. பணம் வந்து கணக்கை முடித்தபோது 18,000 ரூபா குறைந்தது. அவர் தவணையாகத் தருவதாகச் சொன்னார். குழு 10,000 ஐத் தள்ளுபடி செய்தது. இதில் உடன்படாதவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது.

மாற்றிச் செய்வதானால்

விண்ணப்பம் எழுதுமுன் அடுப்படியில் ஒரு விடியலையாவது கழிப்பேன். சமைப்பவரின் கடன் கொப்பியைக் கேட்பேன், அதைக் காட்டினால் வேலை போகாது என்று அதற்கு முன்பே எழுத்தில் கொடுப்பேன். குழாய் வரிசைக்குப் போட்ட 120,000 இல் பாதியைச் சுழல்நிதிக்குச் சேர்ப்பேன். பழைய குழாய்களையே திருத்தியிருக்கலாம். விடுமுறைக்கு முந்திய மாதத்தில் நிதியிலிருந்து பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். நோய், மரணம், ஒப்பந்தம் முடிவது ஆகிய மூன்றுக்கும் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். உணவு மாதிரி எடுத்துவைப்பதற்கு எந்த உதவியும் தேவையில்லை, ஒரு டப்பாவும் ஒரு பேனாவும் போதும். அதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

கிடாரமும் அடுப்பும் பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏறியிருப்பது நல்லதாயிற்று. 2025 இல் புதிய கல்வியாண்டுக்குச் சமையலை வேறொரு தாய் ஏற்றார். சமையலக்காவால் இனி நெடுநேரம் நிற்க முடியாது. பயிற்சிக்கென்று ஒதுக்கியதில் 6,000 ரூபா மிச்சம் இருந்தது. அதை நாட்கூலியாக வைத்து, மூன்று விடியற்காலைகள் அவர் தேவாலயச் சமையற்கட்டில் ஒரு கதிரையில் இருந்து, வெப்பமானியைப் புதியவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு பாத்திரமாக வாசிக்க வைத்தார்.